போக வழி உண்டு, திரும்ப?

பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' தொடர் தொடங்கியபோது, அதில் வரும் கால இயந்திரமான டார்டிஸுக்கு அன்று லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டியின் உருவத்தைக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று பேர் நெருக்கி நிற்கலாம், கதவைத் திறந்து போனால் உள்ளே பெரிய கூடம். போகிற இடத்துக்கேற்ப உருவத்தை மாற்றும் கருவி பழுதாகிவிட்டதால், எந்த யுகத்தில் இறங்கினாலும் அது போலீஸ் பெட்டிதான். நம் திரையிலும் இத்தகைய இயந்திரங்கள் உண்டு. ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் 2065-லிருந்து ஓர் இயந்திரம் வந்து சேருகிறது. விக்ரம் குமார் இயக்கிய '24' (2016) படத்தில் அந்த வேலையை ஒரு கைக்கடிகாரம் செய்கிறது. இவை எல்லாவற்றையும் சும்மா கதை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பது சரியல்ல என்பதே என் வாதம். இந்த இயந்திரங்கள் மூன்று வேறு வேலைகளைச் செய்வதாகச் சொல்கின்றன: எதிர்காலத்துக்குப் போவது, நடந்ததைச் சுருட்டித் திருப்புவது, கடந்த காலத்துக்குள் போய் இறங்குவது. மூன்றுக்கும் இயற்கை தரும் பதில் ஒன்றல்ல.

முதல் வேலை இந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். கணக்குப்படி அநேகமாக எல்லாமே வழியிலேயே அழிந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் விரித்து வைத்திருக்கும் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு போய்க்கொண்டே இருக்கின்றன. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியை வைத்து இவற்றை இரவு பகலாக எண்ணிவருகிறது. வேகமாக ஓடும் பொருளுக்குக் காலம் மெதுவாக நகரும் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னதற்கு இவை சாட்சி. மியூவானின் கணக்கில் கழிந்தது இம்மி நேரம், நம் கணக்கில் அதைப்போலப் பல மடங்கு. துகளுக்குச் சரி, மனிதனின் கருவிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்துகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். வேகம் அந்தக் கடிகாரத்தை மெதுவாக்கினாலும், மேலே ஈர்ப்பு குறைவதால் வரும் முந்தல் அதைவிடப் பெரிது; இரண்டையும் சேர்த்த கணக்கு இது. இதைத் திருத்தாவிட்டால், சிவகாசியிலிருந்து பட்டாசு ஏற்றிப் போகும் லாரியின் இருப்பிடத்தை டிரைவரின் செல்போன் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தவறாகக் காட்டும்.

இரண்டாவது வேலை நடந்ததைத் திருப்புவது. '24' படத்தின் கடிகாரத்துக்கு அந்தத் திறன் உண்டு. இதை எடைபோட, சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் செய்யப்படும் ஒரு சின்ன வெடி போதும். காகிதக் குழாய், அதற்குள் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்து, வெளியே நீட்டிய திரி. பற்றவைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அலுமினியம் ஆக்சைடு ஆகி வெண்புகையாகப் போகிறது. கந்தகத்தின் நெடி காற்றில் கலக்கிறது, காகிதம் துணுக்குகளாகச் சிதறுகிறது, சத்தம்கூடச் சுவர்களில் மோதி, கண்டுபிடிக்க முடியாத அளவு சிறிய வெப்பமாக அடங்கிவிடுகிறது. அணுக்கள் மோதிக்கொள்ளும் விதிகள் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே செல்லுபடியாகும், பிறகு ஏன் வெடித்தது மறுபடி வெடியாகக் கூடாது என்று இயற்பியல் படித்தவர் கேட்பார். நியாயமான கேள்விதான். இதற்கு இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் 1877-லேயே பதில் சொல்லிவிட்டார்: விதி தடுக்கவில்லை, எண்ணிக்கை தடுக்கிறது. ஒரு கிராம் நைட்ரஜன் வாயுவில் மட்டும் 2-க்குப் பின்னால் 22 சுழியம் போடும் அளவு மூலக்கூறுகள் உள்ளன. அவை சிதறிக் கிடப்பதற்கான வழிகளுக்கு முன்னால், திரும்பவும் அந்தக் குழாய்க்குள் அடுக்காக வந்து சேருவதற்கான வழிகள் ஒன்றுமே இல்லை எனலாம். கதாசிரியர்கள் கடந்துபோகும் சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. உலகம் முழுவதும் திரும்பினால் கடிகாரம் கட்டியவரின் மூளையும் சேர்ந்துதான் திரும்பும். அப்போது தான் எதைத் திருப்பினோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது.

டார்டிஸ் எதையும் சுருட்டுவதில்லையே, பழைய காலம் இருந்தபடி இருக்க அங்கே போய் இறங்கத்தானே செய்கிறது என்பது அடுத்த மறுப்பு. மேலே சொன்ன வாதம் அதைத் தொடாது என்பது உண்மை. இந்த மூன்றாவது வேலையைக் கணிதம் அப்படியே தள்ளிவிடவும் இல்லை. முழுதாகச் சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் பயணி தன் கடந்த காலத்துக்கே வந்து சேரலாம் என்று 1949-ல் கணிதவியலாளர் கேடல் காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதற்கான அறிகுறி இல்லை. பிறகு வானியலாளர் கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்ட உதவியிலிருந்து இயற்பியலாளர் கிப் தோர்ன், வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழிகளான புழுத்துளைகளை ஆராயத் தொடங்கினார். அவற்றைக் கால இயந்திரமாக மாற்ற முடியுமா என்று 1988-ல் அவரும் சக ஆய்வாளர்களும் கட்டுரை எழுதினார்கள். கதை அறிவியலுக்குத் தந்த உண்மையான கொடை இது. ஆனால் அந்தத் துளை மூடிக்கொள்ளாமல் இருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும், வேண்டிய அளவில் அதைத் திரட்ட யாருக்கும் வழி தெரியாது. காலத்தில் பின்னோக்கிப் போகும் வழிகளை இயற்பியல் விதிகளே அடைத்துவிடும் என்று 1992-ல் ஹாக்கிங் ஊகித்தார். அது இன்னும் நிரூபணமாகவில்லை.

நிரூபிக்கவில்லை என்றால் கதவு திறந்திருக்கிறது என்றுதானே பொருள் என்பார்கள். ஓரளவு திறந்தே இருக்கட்டும். அப்போதும் 'இன்று நேற்று நாளை'யில் நடப்பது நடக்காது. நாயகர்கள் பழைய காலத்துக்குப் போன இடத்தில் தெரியாமல் செய்த ஒரு காரியத்தால், சாக வேண்டிய ரவுடி பிழைத்து நிகழ்காலத்தில் வந்து நிற்கிறான். ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் முன்வைத்த கொள்கைப்படி, பயணி போனாலும் ஏற்கெனவே நடந்ததோடு பொருந்துவதை மட்டுமே செய்ய முடியும். அந்த ரவுடி சாகவில்லை என்றால் முதலிலேயே செத்திருக்க மாட்டான். இந்த வாதம் எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஏனெனில் முரண்பாட்டைத் தவிர்க்க அது புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. கடந்த காலத்தைப் போய்ப் பார்ப்பது ஒருநாள் கூடலாம், மாற்றுவதற்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை.

நடந்ததை மாற்ற முடியாது என்பதால், விஸ்வநத்தம் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் ஓர் உராய்வில் எழும் பொறியை எந்த இயந்திரமும் போய் அணைத்துவிட்டு வராது. ஆலை நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான்: அறைக்கு நால்வருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், கலந்த மருந்தை அன்றே செலவழியுங்கள், மிச்சத்தை இரவு தங்க விடாதீர்கள்.