சீட்டில் தெரிவது வருங்காலமா, வழியா?

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது, நெய்வேலியையும் தன்னுள் அடக்கிய கடலூர்த் தொகுதியில் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளராக நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் அழகுமுத்து அய்யனார் கோயிலுக்கு வழிபடச் சென்ற இடத்தில், அங்கே அமர்ந்திருந்த கிளி ஜோசியரிடம் சீட்டு எடுத்துப் பார்த்தார். கூண்டைவிட்டு வந்த கிளி அந்த அய்யனாரின் படமுள்ள சீட்டையே எடுத்துக் கொடுக்க, வெற்றி நிச்சயம் என்று ஜோசியர் பலன் சொன்னார். அந்தக் காட்சி ஊரெங்கும் பரவிய பின், பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று வனத்துறையினர் ஜோசியரைப் பிடித்துக் கிளிகளையும் கைப்பற்றினர். ஜூன் 4ஆம் தேதி வாக்கு எண்ணிக்கையில் வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத்.

ஒரு பலன் பொய்த்ததைக் கொண்டே ஒரு வித்தையைத் தீர்த்துக் கட்டிவிடுவது நியாயமாகாது. வைத்தியருடைய கணிப்பும் சில வேளை தவறுவதுண்டு. ஆனால் தவறியது ஏன் என்று வைத்தியர் ஆராய்ந்து காரணம் காண முடியும். சீட்டு தவறியதற்குக் காரணம் கேட்டால் விடை கிடைப்பதில்லை. ஆகவே சீட்டுக்கும் வருங்காலத்துக்கும் உண்மையில் ஏதேனும் சம்பந்தம் உண்டா, இல்லையெனில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதன் முன்னே சென்று உட்கார்வது எதற்காக என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சீட்டின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். நகரங்களில் இன்று ஆரூடத்துக்காகப் பிரபலமாகிவரும் டாரட் சீட்டு, புராதன எகிப்தின் ரகசிய ஞானம் என்று பலராலும் சொல்லப்படுகிறது. சரித்திரம் சொல்வது வேறு. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டமே அதன் பிறப்பிடம். அதற்கு எகிப்திய மூலத்தைக் கற்பித்தவர் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர். ஆண்டு 1781. எகிப்தியச் சித்திர எழுத்தை எவரும் வாசிக்கக் கற்பதற்கு முன்பே அவர் அவ்வாறு எழுதிவிட்டார். அச்சீட்டில் ஆரூடம் பார்க்கும் வழக்கம் அந்த 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இன்று பெரும்பாலோர் கையாளும் 78 சீட்டுகளின் சித்திரங்கள், பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி வரைந்து 1909இல் லண்டனில் வெளிவந்தவை.

நம் கிளி ஜோசியத்தின் அமைப்பும் இதற்கு வெகு தூரமில்லை. விரிப்பின்மேல் மடித்த சீட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஜோசியர் வந்தவரின் பெயரைச் சொல்லி, கூண்டின் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வந்து, அலகால் ஒவ்வொரு சீட்டாகப் பற்றி இழுத்து அப்புறம் போட்டுக்கொண்டே போய், ஒன்றில் நிறுத்தும். ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு கூண்டுக்குள் திரும்பும். சீட்டுக்குள் முருகனோ லக்ஷ்மியோ இருக்கலாம். மாதாவின் படமும் இருக்கும். கிளிக்குத் தெரிந்ததெல்லாம் பழக்கமும் நெல்லும்தான். பலன் முழுவதும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் வயதையும் உடையையும் குரலின் தடுமாற்றத்தையும் கூர்ந்து கவனிக்கும் ஜோசியரின் வாக்கிலிருந்து வருவதே.

அப்படியானால் கேட்டவர் 'அப்படியே சொன்னார்' என்று வியப்பது எப்படி? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர், தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருடைய குணவிசேஷம் என்று ஒரு குறிப்பை வழங்கி, அது எவ்வளவு பொருந்துகிறதென்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது. பிறகுதான், எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு என்பது வெளியாயிற்று. 'வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளே கவலை உண்டு' என்பது யாருக்குத்தான் பொருந்தாது?

சீட்டு அறியாத வருங்காலத்தை மெய்யாகவே அறிவதென்றால் என்ன என்பதற்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரமான நெய்வேலியைக் காட்டிலும் தெளிவான பாடசாலை வேறில்லை. 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரிய பொருளைக் கண்டு, பின்னர் துளையிட்டு ஆராய்ந்து, ஆழத்தையும் கனத்தையும் அளந்து, அதன்பின்னரே 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் மேலெழுந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட்டதனால்தான், அன்று முதல் இன்றுவரை அந்த நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரத்தியட்சமும் அனுமானமும் கூடி வருங்காலத்தைச் சொன்ன விதம் இது.

ஆயினும் மனிதனுடைய வேதனை முழுவதும் இப்படி அளக்கத்தக்கதன்று. பணி நிரந்தரம் கிடைக்குமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சுரங்க ஒப்பந்தத் தொழிலாளியும், அடுத்த சுரங்க விஸ்தரிப்பில் தன் வயலும் போய்விடுமோ என்று ஏங்கும் சுற்றுக்கிராமத்து விவசாயியும் கேட்கும் கேள்விக்கு அலுவலகங்கள் உடனே விடை தருவதில்லை. 2023 ஜூலையில் அத்தகைய கிராமமான வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட யந்திரங்கள் இறங்கியதைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. அத்தகைய ஒருவர், வீட்டில் சொல்ல முடியாததை முன்பின் அறியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறார். சீட்டிலுள்ள சித்திரம், அவர் நினைக்கப் பயந்ததை நினைக்க ஓர் இடம் கொடுக்கிறது. 'நிலம் போனால் என்ன செய்வேன்' என்று முதன்முறையாக அவர் தம்மையே கேட்டுக்கொண்டால், அது மெய்யான பிரயோஜனம். அந்தப் பிரயோஜனத்தைத் தந்தது சீட்டின் சக்தியன்று. தம்மைப் பற்றித் தாமே யோசிக்க அவருக்குக் கிடைத்த அவகாசமே.

இந்த எல்லையைத் தாண்டும்போதுதான் கேடு விளைகிறது. 'கண்டம் இருக்கிறது, பரிகாரம் செய்' என்று பயமூட்டிப் பணம் பறிப்பதும், நோயாளியை வைத்தியரிடம் போகவிடாமல் தடுப்பதும், கல்யாணத்தையும் கடனையும் சீட்டின் பேரில் முடிவு செய்யச் சொல்வதும், யோசனை சொல்லும் தொழிலுக்கே இழுக்கு. சீட்டுப் பார்ப்பவர் தாம் சொல்வது யோசனையே என்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். கேட்பவரும் 'நடக்குமா' என்று கேட்பதை விட்டு, 'நான் என்ன செய்யலாம்' என்று கேட்கப் பழக வேண்டும். நிலத்தைப் பற்றிய கேள்வி வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், வேலையைப் பற்றிய கேள்வி தொழிற்சங்கத்துக்கும், உடம்பைப் பற்றியது வைத்தியருக்கும் போய்ச் சேர வேண்டியவை. அவற்றை எடுத்துக்கொண்டு அங்கே போகும் மனத்தெம்பை ஒருவருக்கு ஒரு சீட்டு தருமானால், அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே போகவொட்டாமல் அவரை விரிப்பின் முன்னே உட்கார்த்தி வைக்குமானால், அது எவ்வளவு அழகான சித்திரமாயினும் விலக்கத்தக்கதே.