சாணத்தில் தேடினால் கிடைக்காத புழு

பசு மூச்சு விடும்போது கொர்கொர் என்று சத்தம் கேட்டால், சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். சில மாடுகளுக்கு அது சளி அல்ல. மூக்குக்குள் முண்டு முண்டாகச் சதை வளர்ந்து காற்று போகும் வழியை அடைத்திருக்கும். சீழும் ரத்தமும் கலந்து ஒழுகும். இந்தக் 'குறட்டை நோய்'க்குக் காரணம் நாசியின் ரத்தக்குழாய்களில் வாழும் ஒரு தட்டைப்புழு. 1933இல் அதற்கு 'சிஸ்டோசோமா நேசேல்' என்று பெயரிட்டவர், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் எம்.அனந்தநாராயண ராவ். உலகம் இந்தப் புழுவை அறிந்ததில் நம் ஊருக்குப் பங்குண்டு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மேய்ச்சல் நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. மாடுகளுக்கு மிஞ்சியவை ஏரி ஓரங்களும் மழைநீர் தேங்கும் காலி இடங்களும்தான். புழுவுக்கு வேண்டியதும் அத்தகைய தேங்கிய நீரே. மாடு தண்ணீரில் வாய் வைக்கும்போது மூக்குச்சளியோடு முட்டைகள் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு 'இண்டோபிளானார்பிஸ்' என்ற தட்டைச் சுருள் நத்தைக்குள் நுழைந்து பெருகுகிறது. பிறகு பிளவுபட்ட வாலுள்ள இளம்புழுக்களாக வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. அதே நீரில் இறங்கும் மனிதருக்கும் தோலில் அரிப்பும் தடிப்பும் வரலாம். ஆனால் மனித உடலில் இந்தப் புழு வளர்வதில்லை.

கால்நடை மருந்தகத்தில் வழக்கமாகச் செய்வது சாணப் பரிசோதனை. அடர்ந்த உப்புக் கரைசலில் சாணத்தைக் கரைத்தால் உருண்டைப்புழு முட்டைகள் மேலே மிதக்கும். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது; அதை அடியில் படியவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மூக்குப்புழுவோ இரண்டு முறையிலும் அகப்படாது, அதன் முட்டை சாணத்தில் வருவதில்லை. மூக்குச்சளியை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிக் கரைத்து, சுழற்றிப் படியவைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வளரி போல வளைந்த முட்டை தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது எருமைதான். பசுவைப்போல அது குறட்டை விடுவதில்லை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் முட்டைகளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே நோயுற்ற பசுவை மட்டும் சோதிப்பது பாதி வேலை. உடன் மேயும் எருமையின் சளியையும் பார்க்க வேண்டும், குட்டையையும் பார்க்க வேண்டும். குட்டையைச் சோதிப்பது பெரிய காரியமல்ல: நத்தைகளைப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனிக் கண்ணாடிக் குழாயில் சுத்தமான நீரில் இட்டு வெளிச்சத்தில் வைத்தால், தொற்றிய நத்தையிலிருந்து இளம்புழுக்கள் நீந்தி வெளிவரும். வால் பிளவுபட்டிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் அந்த வால் இதன் உறவுப்புழுக்களுக்கும் உண்டு. இனத்தை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும்.

நம் ஏரிகளில் இந்தப் புழு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; சோதிக்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாடு வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். பசு குறட்டை விட்டால் கடையில் புழு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். வழக்கமான மருந்துகள் பலவும் இதற்குப் பலிக்காது. மருத்துவரிடம் மாடு எந்த நீரில் இறங்குகிறது என்பதையும் சொல்லி, மூக்குச்சளியைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.