கத்திரி வெயிலுக்கு ஒரு கேரவன்

ஏப்ரல் 22, 23 வாக்கில் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் நண்பகல் வேளையில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் விழாது. திருவண்ணாமலை ஏறக்குறைய 12.2 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் அந்த நாளில் நேர் உச்சிக்கு வருகிறது. வடக்கே போய்த் திரும்பும்போது ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொரு முறை உச்சியைக் கடக்கிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகல் வெயில் கூரைமேல்தான் இறங்கும். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர் முதலில் மனதில் வாங்க வேண்டிய செய்தி இது.

கேரவன் கட்டுவது பற்றி இன்று பார்க்கக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வண்டிகளைக் காட்டுகின்றன. சுவரெங்கும் மரப்பலகை, தரையில் கம்பளம், வெளியே கரும்பச்சை வண்ணம், மூலையில் ஒரு கணப்பு. குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய வண்டிகள் அவை. அப்படியே பார்த்துச் செய்தால் மே மாதம் காலை பதினொரு மணிக்கு உள்ளே ஒருவரும் உட்கார முடியாது. நம் ஊர்க் கேரவனுக்குத் திட்டம் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். சமையல் மேடை கடைசியில் வரட்டும்.

வேனுக்குள் வீடு அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் ஜெர்மானியர்கள். ஃபோக்ஸ்வாகன் தன் வேனை 1950-இல் உற்பத்தி செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்த ஆரம்பித்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அத்தகைய வண்டிகளில் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி நடந்து, அதே ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதை அடைபட்டது.

நம் ஊரில் இதற்கு ஏற்ற பழைய வண்டி எது என்று கேட்டால் தயங்காமல் டெம்போ டிராவலர் என்பேன். அதன் மூலமும் ஜெர்மனிதான். மெர்சிடிஸ் பென்ஸ் 1977-இல் கொண்டுவந்த டி1 வேனின் வடிவத்தைத் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் பெற்று, பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987-இல் டிராவலரை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் பெயர் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. சபரிமலைக்கும் கல்யாணத்துக்கும் ஓடாத டிராவலர் தமிழ்நாட்டில் இல்லை. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் இன்ஜின் தெரியும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். மலையடிவாரத்தில் ராத்திரி நின்றுபோகிற வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. அதற்கு முன்னோடியான மேட்டடார் அழகானதுதான், ஆனால் அதற்கு உதிரிபாகம் தேட காயலான் கடை காயலான் கடையாக அலைய வேண்டியிருக்கும்.

வண்டி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். அதை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஓரம், கூரை விளிம்பு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடு இருக்கும் இடத்தில் நன்றாக ஒட்டும். தகடு அரித்துப்போய் அங்கே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் நழுவும். பளபளவென்று புதுப் பெயிண்டோடு வரும் பழைய வண்டியைவிட, வெயிலில் வெளுத்த பழைய பெயிண்டோடு நிற்கும் வண்டியை நான் நம்புவேன். அதில் மறைக்க எதுவும் இல்லை.

துரு என்பது இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நடத்தும் வேலை. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஓடிய சென்னை, புதுச்சேரி வண்டியைவிட, டிஎன் 25 என்று பதிவாகி உள்நாட்டிலேயே ஓடிய திருவண்ணாமலை மாவட்ட வண்டிக்குக் கீழ்ப்பகுதி திடமாக இருக்க வாய்ப்பு அதிகம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. அதனால்தான் பெயிண்ட் முதலில் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணய அளவில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

டிங்கரிங் பட்டறையில் வண்டியை விட்டதும் இருக்கை, ரெக்சின், தரைப் பலகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். நெருப்புப் பொறி பஞ்சில் விழாமல் இருக்க இது அவசியம், மறைந்திருக்கும் ஓட்டைகளும் அப்போதுதான் வெளிவரும். அரித்த இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருவின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டுவது வேலையே அல்ல. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். துருவை ஒழுங்காகச் சுரண்டாமல் அடியில் தாரைப் பூசுவதில் எனக்குச் சம்மதமில்லை. தாருக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே தின்னும். சேஸிஸ் சட்டங்களின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளையும் அடைத்துவிடக் கூடாது.

இனிக் கூரை. வெயிலில் நிற்கும் இரும்புத் தகட்டின் சூட்டை மூன்று இடத்தில் தடுக்கலாம்: தகட்டை அடையும் முன், தகட்டின் மேலேயே, தகட்டைத் தாண்டிய பின். பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். முதலாவதுதான் மலிவு, பலனும் அதற்கே அதிகம்.

பழைய லேண்ட்ரோவர் ஜீப்புகளில் வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரை ஒன்று உண்டு. உண்மையான கூரைக்கு மேல் சிறு இடைவெளி விட்டு இன்னொரு தகடு இருக்கும். மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். இன்று நாம் அதைச் சூரிய மின்தகட்டை வைத்தே செய்யலாம். 335 வாட் தகடு ஒன்று சுமார் 2 சதுர மீட்டர் இருக்கும். இரண்டு தகடுகளை நாலு விரல் இடைவெளியில் தூக்கிப் பொருத்தினால் டிராவலரின் கூரையில் கிட்டத்தட்ட பாதிக்கு நிழல் கிடைக்கும். தகட்டுக்கும் அது நல்லது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்சாரம் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். கூரையோடு ஒட்டிவைத்துப் புழுக்கினால் நண்பகலில்தான் அதிகம் இழப்போம். அலுமினியக் காலும் இரும்புக் கூரையும் நேராகத் தொட்டால் மழை ஈரத்தில் அரிப்பு தொடங்கும். நடுவில் ரப்பர் வாஷர் வேண்டும்.

மிச்சக் கூரைக்கு வெள்ளை. வெள்ளியைப் போல மின்னும் அலுமினியப் பெயிண்ட் குளிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் ஏறிவிட்ட சூட்டைக் கதிராக வெளியேற்றுவதில் மந்தம். வெள்ளை இரண்டையும் நன்றாகச் செய்யும்.

அதற்குப் பிறகுதான் உள்ளே ஒட்டும் காப்புப் படலம். நைட்ரைல் ரப்பர், எக்ஸ்.எல்.பி.இ. போன்ற நுண்ணறை நுரை விரிப்புகள் 20, 25 மில்லிமீட்டர் கனத்தில் போதும். தகட்டில் மட்டும் ஒட்டிவிட்டு, இடையிடையே ஓடும் இரும்புச் சட்டங்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். சூடு அந்தச் சட்டங்கள் வழியே இறங்கிவரும். தெர்மாகோல் வேண்டாம், குலுக்கலில் பொடியாகும், எளிதில் தீப்பிடிக்கும். இன்னொன்று, பளபளக்கும் ஃபாயில் காகிதம். அதன் மினுக்குப் பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே அழுத்தி ஒட்டிய ஃபாயிலால் ஒரு பயனும் இல்லை.

டிராவலரின் இரு பக்கமும் கண்ணாடிகள். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் அவற்றின் வழியே நுழையும். திரைச்சீலையை உள்ளே போட்டால் வெளிச்சம் மறையும், கண்ணாடியைத் தாண்டிவிட்ட சூடு உள்ளேயே தங்கும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் தொங்கும் மூங்கில் தட்டி, அல்லது நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் இழுத்துக்கட்டும் வெள்ளைத் தார்ப்பாய்ப் பந்தல் போதும். காற்றுக்கு மேலே ஒரு வென்ட், கீழே நிழல் பக்கம் ஒரு திறப்பு. ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நால்வர் இருந்தால் 400 வாட் ஹீட்டர் ஓடுகிறது என்று பொருள். அது மேலே போக வழி வேண்டும்.

ஏ.சி. வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு சூரியத் தகடுகளும் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். 30 வாட் டி.சி. மின்விசிறி இரண்டு, சிறிய ஃபிரிட்ஜ், விளக்குகள் சேர்ந்து ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் போல இழுக்கும். ஓர் இரவுக்கே பேட்டரி தாங்காது. ஏ.சி.யை மறந்துவிடுவதுதான் என் பரிந்துரை. சக்கரம் இருக்கும்போது மலைக்குப் போய்விடலாமே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினால் ஜவ்வாது மலை. அந்த மலைத்தொடரிலேயே, 725 மீட்டர் உயரத்தில், 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட காவலூர் வைனு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. இன்னும் குளிர வேண்டுமானால் 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு.

மின்கம்பியில் சிக்கனம் வேண்டாம். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் கருவி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால், வீட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் போக வர 1.15 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். கம்பியும் சுடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள். பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ் கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை ஒன்று இல்லாமல் அடுப்பை வைக்காதீர்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் ஒன்றரை ஆளின் எடை. தாழ்வாக, அச்சுக்கு அருகில் வையுங்கள்.

மலைக்குப் போகிற வண்டிக்கு பிரேக் ஆயில் முக்கியம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது பழசானதும் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சூடு வரும், மிதி பஞ்சாகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமலே பழசான டயர் வெயில் சாலையில் வெடிக்கும். கமான் பட்டை, ரேடியேட்டர் இரண்டையும் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

வண்டியை மாற்றிக் கட்டுவதில் சட்டம் கறார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை, வண்டி வகை எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி பெறுங்கள். முழுக் கேரவனாகக் கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தர விதி இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் விபத்து நேரத்தில் காப்பீட்டையும் கெடுக்கும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. வண்டி விலையோடு இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போவதாக இருந்தால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை ஒன்றை அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர் நடக்கும் திருவண்ணாமலைக்கும் அப்படி ஓர் இடம் தேவை. தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், மின் இணைப்பு, கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு குழி. ஊருக்கு வெளியே அரை ஏக்கர் போதும். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வண்டியில் கழிப்பறை வைத்திருப்பவர்கள் அதன் தொட்டியைச் சாலையோரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டாமல், செப்டிக் டேங்க் உள்ள விடுதியிலோ தங்கள் வீட்டிலோ காலி செய்யுங்கள்.