வக்கீல் விலகும்போது கேஸ் கட்டு யார் கையில்?

"வக்காலத்துல கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே எல்லாம் வக்கீல் பார்த்துக்குவாரு." இப்படிச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களை 30 வருஷத்துக்கு மேலாகச் செங்கல்பட்டில் பார்த்து வருகிறேன். நான் வக்கீல் குமாஸ்தா. கட்டு சுமப்பதும், வாய்தா குறிப்பதும், நகல் மனு போடுவதும், கட்சிக்காரர்களுக்குத் தேதி சொல்வதும் என் வேலை. ஒரு சிவில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வக்கீல் விலகிக்கொள்ளலாம் என்பது, விலகிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அதற்குள் சில சமயம் தீர்ப்பே வந்துவிடுகிறது.

கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில் இருந்த காலத்திலும் மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில்தான் இருந்தது. 2019 நவம்பர் 29-இல் தனி மாவட்டமே வந்துவிட்டது. மாமல்லபுரம் பக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். மீன் விற்கிறவர்கள், கல் சிற்ப வேலைக்காரர்கள், சவுக்குத் தோப்பு வைத்திருந்தவர்கள் என்று பலரும் ஒருநாள் கூலியை விட்டுத்தான் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலத்தின் விலை ஏறியபின் பாகப்பிரிவினை வழக்கும் கிரய ஒப்பந்த வழக்கும் பெருகிவிட்டன. வருஷக்கணக்கில் ஓடும் வழக்குகள் இவை. நடுவில் வக்கீல் மாறுவது அதிசயம் இல்லை.

வக்கீல் ஏன் விலகுகிறார்? பீஸ் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். கட்சிக்காரர் பொய்ச் சாட்சி சொல்லச் சொல்கிறார், ஜோடித்த பத்திரத்தைக் கொண்டுவருகிறார் என்றாலும் மனசாட்சியுள்ள வக்கீல் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வழக்கில் தானே சாட்சி சொல்ல வேண்டிவரும் என்றால் தொடர முடியாது. உடல்நலம், வேறு பதவி என்று இன்னும் இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்த்தது வேறு. ஒரே வக்காலத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட குடும்பம் உடைவதுதான் அது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு அக்கா, இரண்டு தம்பிகள். மூன்று பேரும் வாதிகள், எதிர்த்தரப்பு பெரியப்பா மகன். தாத்தா காலத்துச் சவுக்குத் தோப்பில் தங்கள் கிளையின் பங்கைக் கேட்டு வழக்கு. பாதியில் பெரிய தம்பி, பிளாட் போடுகிற ஒருவருக்குத் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. "அக்காவுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அதுக்கு ஏது பங்கு?" என்றும் கேட்க ஆரம்பித்தார். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. தம்பிக்கு இதையெல்லாம் எங்கள் வக்கீல் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

அக்காவுக்காக வாதாடினால் தம்பிக்கு எதிராகப் பேச வேண்டும். அந்தத் தம்பி இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து தன் கணக்கு வழக்கெல்லாம் சொன்னவர். ஒருவருக்கு ஆலோசனை சொல்லி, பிராது எழுதிக் கொடுத்த வக்கீல், அதே விவகாரத்தில் அவருக்கு எதிராக ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை, விலகிய பிறகும் வெளியே சொல்ல முடியாது. ஆகவே மூன்று பேரிடமிருந்தும் விலகுவது என்று முடிவாயிற்று.

அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்? என்னை ஏன் விடறாரு?"

"நீங்க தப்பு பண்ணலைம்மா. அவரு இனிமே யாருக்காகப் பேசினாலும் இன்னொருத்தருக்குத் துரோகம்னு ஆயிடும்" என்றேன். அவருக்கு அது சமாதானமாக இல்லை. எப்படி இருக்கும்? பணம் கொடுத்து, நகை அடகு வைத்து நடத்திய வழக்கு.

விலகுவதற்கு முறை உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் கட்டளை, நான்காம் விதிப்படி, ஒருமுறை தாக்கலான வக்காலத்து வழக்கு முடியும்வரை உயிரோடு இருக்கும். கட்சிக்காரரோ வக்கீலோ இறந்துபோனால் ஒழிய, நடுவில் அதை முடிக்க எழுத்து வேண்டும், கோர்ட் அனுமதியும் வேண்டும். தக்க காரணம் இல்லாமலும், போதிய அவகாசம் கொடுத்து முன்னறிவிப்புச் செய்யாமலும் வக்கீல் விலகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த வரியைக் கட்சிக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எங்கள் ஆபீஸில் மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தபால் போனது. காரணம், அடுத்த வாய்தா தேதி, எந்தக் கோர்ட், வழக்கு எண், என்னென்ன ஆவணம் எங்களிடம் இருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. ஒப்புகை அட்டையை மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்தோம். கோர்ட்டும் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வேறு வக்கீல் வைத்துக்கொள்ள அவகாசம் தந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. ஜட்ஜ் வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து, "நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒரு மெமோ கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. கட்சிக்காரர் எந்த விவரமும் தரவில்லை என்று அதற்குப் பொருள். அந்தக் கட்சிக்காரர் அந்த நேரத்தில் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார், கோர்ட்டில் அவர் பெயர் மூன்று தரம் கூப்பிடப்படும். அவர் பிரதிவாதியாக இருந்தால் எக்ஸ்பார்ட்டி (அவர் இல்லாமலே விசாரணையும் தீர்ப்பும்), வாதியாக இருந்தால் வழக்கே தள்ளுபடி. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். 1990-களில் மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. வக்கீல் இப்படிச் சொல்லி விலகியபின் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் எக்ஸ்பார்ட்டி ஆக்கியது சரியல்ல என்று சொல்லி, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் அவகாசம். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் அனுப்பினாலும் சேர வேண்டுமே. வக்காலத்தில் எழுதிய விலாசம் 10 வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பின் கடற்கரைக் குடும்பங்கள் பல, வேறு குடியிருப்புக்கு மாறிப்போயின. "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வந்த எத்தனையோ தபால்களைக் கட்டில் கோத்திருக்கிறேன். வீடு மாறினால் ரேஷன் கார்டில் மாற்றுகிறோம், வக்கீலிடம் சொல்வதில்லை. போன் நம்பர் மாறினாலும் அப்படித்தான். உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்தது கட்டு. பீஸ் பாக்கி இருக்கிறது என்று மூலப்பத்திரத்தைக் கொடுக்க மறுப்பது இன்றும் அங்கங்கே நடக்கிறது. போபாலில் மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் வக்கீல் ஒருவர், தனக்கு 97,100 ரூபாய் வர வேண்டும் என்று சொல்லி வங்கியின் கேஸ் கட்டுகளைத் தராமல் வைத்துக்கொண்டார். அந்த ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது, பாக்கியை வசூலிக்க வேறு சட்ட வழி இருக்கிறது என்பது அதன் சாரம். பாக்கி இருந்தால் கொடுக்க வேண்டியதுதான், அது வக்கீலின் உழைப்பு. ஆனால் பட்டாவும் பத்திரமும் அடமானப் பொருள் இல்லை.

புது வக்கீல் வக்காலத்து போடப் பழைய வக்கீலின் சம்மதம் வேண்டும். வக்காலத்திலேயே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுவார். தர மறுத்தால் காரணம் சொல்லிக் கோர்ட்டில் மனு போடலாம். கையில் காசில்லை என்று வழக்கைக் கைவிடவும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

அக்காவை அங்கேதான் அனுப்பினேன். சின்னத் தம்பியும் அவரோடு நின்றார். கட்டை நான் அவர்கள் முன்னால் பிரித்து, ஒவ்வொரு தாளையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். புது வக்கீல் ஒரு பெண். வந்த வேகத்தில் பெரிய தம்பியை வாதி வரிசையிலிருந்து பிரதிவாதி வரிசைக்கு மாற்ற மனு போட்டார், பங்கை வாங்கியவரையும் வழக்கில் சேர்த்தார். வழக்கு நடக்கும்போது வாங்கிய நிலம் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த விற்பனை அக்காவின் பங்கைத் தொட முடியாது. வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. முதல் சாட்சியாக அக்காவே கூண்டில் ஏறப்போகிறார்.