வாசகர் மறுமொழி எங்கே?

பத்திரிகை நடத்துவோர் தினந்தோறும் பேசுகிறார்கள். அதை வாங்கிப் படிப்போர் தினந்தோறும் கேட்கிறார்கள். இந்த ஏற்பாடு நெடுங்காலம் இப்படியே நீடிக்குமாயின், பேசுவோனுக்குத் தன் குரலே வேதவாக்காகத் தோன்றத் தலைப்படும். கேட்போனுக்கோ தனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டென்பதே மறந்துபோகும். இரண்டும் தேசத்துக்குக் கேடு. ஆதலின் இன்று மற்ற விஷயங்களைச் சற்றே ஒதுக்கி வைத்து, வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதவேண்டிய அவசியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறத் துணிகிறோம்.

நம் வாசகர்கள் ஊமைகள் அல்லர். காப்பிக் கடையிலும் வாசகசாலையிலும் அவர்கள் நமது தலையங்கத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிய்த்து உதறுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த வாதம் கடையின் வாசற்படியைத் தாண்டுவதில்லை. நமது காரியாலயத்துக்கு வந்து சேரும் கடிதங்களிற் பெரும்பாலானவை பாராட்டுரைகள். எஞ்சியவற்றிற் பாதி, தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துப்பாக்கள். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? ஆயினும், “நீர் எழுதியது தவறு, எங்கள் ஊரில் நடந்தது வேறு” என்று ஒருவர் எழுதும் நாலு வரி நமக்கு நூறு வாழ்த்துப்பாக்களினும் மேலானது. தேசத் தொண்டர்களைக் குறித்தே நமக்கு மனத்தாங்கல் அதிகம். மேடையில் இரண்டு மணி நேரம் பேசச் சலியாத அன்பர்கள் ஒரு கடிதம் எழுதச் சலிக்கிறார்களே, இதை என்னவென்பது!

நம் நாட்டுப் பத்திரிகைகளின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். 1878-ல் சென்னை ஹைகோர்ட்டில் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமனம் பெற்றபோது, வெள்ளைக்காரர் பத்திரிகைகள் அதை இகழ்ந்து எழுதின. அதைப் படித்துக் கொதித்த ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அதுவே ‘ஹிந்து’. கோபங்கொண்ட வாசகர்களின் மறுமொழியே பத்திரிகையாக உருவெடுத்தது என்றால் மிகையன்று. அந்த அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-ல் ‘சுதேசமித்திரன்’ கண்டு, இங்கிலீஷ் அறியாத ஜனங்களும் ராஜீய விஷயங்களை அறிந்து தர்க்கிக்க வழி செய்தார்.

மகாத்மா காந்தியைப் போல் வாசகரை மதித்த பத்திராதிபர் அரியர். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கிய ‘இந்தியன் ஒபீனியன்’ ஆரம்பத்தில் நான்கு பாஷைகளில் வெளிவந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. அங்கே தாம் நடத்திய போராட்டத்துக்கு இங்கிலீஷ்ப் பெயரே வழங்கி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தக்கதொரு சொல்லைத் தருமாறு பத்திரிகை வாயிலாகக் கேட்டு, சிறு பரிசும் அறிவித்தார். மகன்லால் காந்தி ‘ஸதாக்ரஹம்’ என்று எழுதினார். அதைச் சற்றே திருத்தி, 1908-ன் தொடக்கத்தில் காந்தியடிகள் ‘ஸத்யாக்ரஹம்’ என்று வழங்கலானார். உலகமெங்கும் பரவிய அச்சொல் வாசகரிடம் கேட்டுப் பெற்ற சொல் என்பதை நம்மிற் பலர் நினைப்பதேயில்லை. அப்பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் அன்பும் உண்டு, கண்டனமும் உண்டு, கசப்பும் உண்டு. யாவற்றையும் படித்துப் பதிலிறுத்ததைத் தமக்கு வாய்த்த நல்ல கல்வியாகவே அவர் சுயசரிதையில் மதிப்பிடுகிறார்.

1933 பிப்ரவரியில் ‘ஹரிஜன்’ தொடங்கியபோது முதல் இதழுக்கு டாக்டர் அம்பேத்காரிடம் செய்தி வேண்டினார். வந்ததோ வாழ்த்தன்று. ஜாதி உள்ளவரை தீண்டாமை ஒழியாதென்னும் கடுமையான அபிப்பிராயம் வந்தது. அதைக் குப்பைக் கூடையிற் போடாமல் அதே முதல் இதழில் வெளியிட்டு, தமது பதிலையும் அருகே வைத்தார். 1936-ல் அம்பேத்காரின் ‘ஜாதி ஒழிப்பு’ நூலை ‘ஹரிஜன்’ விமரிசித்தது. அவரும் தமது அடுத்த பதிப்பில் காந்தியின் கட்டுரைகளையும் தம் மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டார். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இருவரும் எதிரியின் வார்த்தையை மறைக்கவில்லை. நாம் இங்கே கவனிப்பது அதையே.

எழுத அஞ்சுவோரையும் நாம் மறக்கவில்லை. 1897-ல் ‘கேஸரி’யில் புனைபெயரில் வெளியான செய்யுளொன்றைக் காட்டியே திலகருக்கு ராஜத்துரோகக் குற்றத்தின்பேரில் பதினெட்டு மாதச் சிறை விதித்தார்கள். அந்த அந்நிய ஆட்சி ஒழிந்தது; 1950 முதல் அரசியல் சட்டம் பேச்சுரிமையை உறுதி செய்திருக்கிறது. எனினும் ஏரிக்கரையை ஆக்கிரமித்தவர் உள்ளூர்ப் பெரிய மனிதராக இருக்கையில், அவர் நிலத்திற் கூலி செய்பவன் கையெழுத்திட்டு எழுதுவது எளிதா? ஏழையைப் பார்த்து ‘தைரியமாக எழுது’ என்று உபதேசிப்பது நியாயமன்று. அவனுக்காக முதலில் எழுதவேண்டியவர்கள், பிழைப்புக்கு அப்பெரிய மனிதரை அண்டியிராத படித்த அன்பர்களே.

எழுதுவோர் ஆதாரத்தோடு எழுத வேண்டும். அவதூறு இன்றும் சட்டப்படி குற்றமே. ஆதாரம் தேடும் வழியோ முன்னைவிட எளிதாகியிருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, நம் மாகாணத்துச் சர்க்கார் அலுவலகம் எதற்கும் பத்து ரூபாய்க் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்றை அனுப்பலாம். முப்பது நாட்களுக்குள் அவர்கள் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள். சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று, குளத்தின் சர்வே அளவு என்ன என்பதைக் கேட்டு வாங்கி, அந்தப் பதிலின் நகலோடு எழுதுங்கள். வசைச் சொற்கள் நிறைந்த பத்துப் பக்கங்களைக் கண்டு எந்த உத்தியோகஸ்தரும் நடுங்கியதில்லை. அவரே கையொப்பமிட்ட ஒரு தொகையைக் கண்டால் நடுங்குவார்.

கடிதத்தால் என்ன ஆகும் என்று கேட்போருண்டு. தில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றுக் கிடந்த சுனில் பத்ரா, சகக் கைதி ஒருவரைச் சிறைக் காவலர் சித்திரவதை செய்ததைக் கண்டு சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, முறையான மனுவும் இல்லை. கோர்ட்டார் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்து, 1979 டிசம்பரில் கைதிகளின் உரிமையை நிலைநாட்டித் தீர்ப்பளித்தார்கள்.

இனி நமது பக்கத்துக் கடமை. உண்மைப் பெயரும் விலாசமும் எமக்குத் தெரிதல் வேண்டும். வெளியிட வேண்டாமெனில் வெளியிட மாட்டோம். கடிதம் இருநூறு வார்த்தைகளுக்குள் அடங்கட்டும். நீளம் கருதிச் சுருக்குவோமேயன்றி, எம்மைத் தாக்கும் வாக்கியங்களை வெட்டமாட்டோம். ஆட்சேபக் கடிதங்களுக்கே முதலிடம் அளிப்போம். நமது தலையங்கத்தை மறுத்து எழுதுவோர் அது வெளியான தேதியையும் தவறாது குறித்தனுப்ப வேண்டுகிறோம்.