பாதி வீடு என்ன விலை?

வங்கிக் கடனுக்காக வீட்டை அளக்கப் போனால் காபி கிடைக்கும். விவாகரத்துக்காகப் போனால் ஆளுக்கொரு பக்கம் கூட்டிப் போவார்கள். வீட்டைத் தானே வைத்துக்கொள்ள நினைப்பவர் மாடிச் சுவர் விரிசலையும் மழைக்கு ஒழுகும் சீலிங்கையும் காட்டுவார். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பப் போகிறவர் தேக்குக் கதவையும் மாடுலர் கிச்சனையும் காட்டுவார். சென்னைப் புறநகரில் சொத்து மதிப்பீடு செய்யும் எனக்கு இது பழகிவிட்டது. எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் நினைக்கிற அளவுக்கு இவற்றால் விலை அசையாது.

அசைப்பது மனைதான். அம்பத்தூர் பக்கம் அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடியில், 20 வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் மனை சதுர அடி 6,000 ரூபாய்க்குப் போகிறதென்றால் மனை மட்டும் 72 லட்சம். கட்டடம் 1,400 சதுர அடி. இன்று அதைக் கட்ட அடிக்கு 2,200 ஆகும் என்றால் 30.8 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று கொண்டு, வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் கழிப்பது எங்கள் வழக்கம். 30 சதவீதம் போக நிற்பது ஏறத்தாழ 21.5 லட்சம். ஆக மொத்தம் 93.5 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 13.5 லட்சம் இருந்தால் பேச வேண்டிய தொகை 80 லட்சம்தான்.

"மேடம், கைடுலைன் வேல்யூவே இவ்வளவுதானே?" என்று ஒருவர் தாளை நீட்டுவார். அது முத்திரைத் தீர்வைக்காகப் பதிவுத்துறை வைத்திருக்கும் கணக்கு. பல தெருக்களில் சந்தை விலை அதைத் தாண்டி எங்கேயோ நிற்கும். பக்கத்து வீட்டுக் கிரயப் பத்திரத்தையும் அப்படியே நம்ப முடியாது. கைமாறிய தொகை முழுதும் பத்திரத்தில் ஏறுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் புரோக்கர்களிடம் தனித்தனியாக விசாரிப்பேன். எந்தத் தேதிக்கான விலை என்பதையும் கணவன் மனைவி இருவரும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீடு தானாகவே பாதிப் பாதி ஆகிவிடும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. பத்திரத்தில் யார் பெயர், பணம் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, ஒரு சொத்து வழக்கில், குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று தீர்ப்பளித்தார். என் படிவத்தில் சிமென்டுக்கும் மரத்துக்கும் கட்டம் உண்டு. அந்த உழைப்புக்குக் கிடையாது. அதை வக்கீல்தான் பேச வேண்டும்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் இருவருமாக ஒரே மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு அறிக்கை வந்தால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பலாம். அவர் ஒரு இன்ஜினீயரோடு வந்து மறுபடி டேப் பிடிப்பார், செலவு உங்களுடையது.

இன்னொன்று. வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் கடனும் தன்னைவிட்டுப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை, வீட்டில் இல்லாதவரிடமும் தவணை கேட்பார்கள்.