கருவியும் குறிப்பும்

கொற்கைத் துறையின் கீர்த்தியைக் கேளாத தமிழர் இரார். சற்றேறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் யவன மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பு அதனைக் ‘கொல்கோய்’ என்று கூறி, அங்கு நிகழ்ந்த முத்துக் குளிப்பையும் தெரிவிக்கின்றது. ஊரைக் கண்டிராத வணிகனுக்கு, இன்ன துறையில் இன்ன சரக்கு கிடைக்கும் என்று அறிவித்ததே அச்சிறு நூலின் பெரும் பயன். அத்தகைய குறிப்பு இன்று கணினிக் கருவிகளுக்கு அவசியமாயிருக்கின்றது.

கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நின்ற செயற்கை நுண்ணறிவு, இப்பொழுது ஏஜெண்டு என்னும் பெயரால் நமக்காகக் காரியங்களையும் செய்யப் புகுந்துவிட்டது. பிறர் இயற்றிய மென்பொருட் கருவிகளை அது தானே தேர்ந்தெடுத்து ஏவுகின்றது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது விதி, ஒவ்வொரு கருவிக்கும் பெயரும் விவரமும், அதற்குக் கொடுக்கவேண்டிய உள்ளீடுகளின் அமைப்பும் வகுக்க இடந் தருகின்றது. மனித ஊழியனாயின் ஐயம் நேர்ந்தவிடத்துப் பக்கத்திலிருப்பவனைக் கேட்பான். ஏஜெண்டுக்கோ பெரும்பாலும் அக்குறிப்பே ஆசான்.

குறிப்புக் குறைந்தால் விளைவது யாது? நமது முத்துச் சலாபமே சான்று பகரும். சலாபத்தில் முத்துக்களைப் பருமன்வாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வழங்கின. அவற்றிற்கு 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை எண்கள் உண்டு. புதியவன் 1000 என்பதே பெருமுத்து என்று கொள்வான். உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த எண் துளைகளின் தொகை. துளை மிகமிக முத்துச் சிறுக்கும். 1961-இல் தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் நடந்தவரையில் வியாபாரிகளுக்கு இது கைப்பழக்கம். ‘எண்: 20 முதல் 1000 வரை’ என்று மட்டும் எழுதிய குறிப்பை நம்பும் ஏஜெண்டுக்கு அக்கைப்பழக்கம் எங்ஙனம் வரும்?

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. உயிரைத் தொடும் விஷயம். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் மிகுந்த இடங்களைத் துணைக்கோள் கொண்டு கணித்து மீனவர்க்கு அறிவித்து வருகின்றது. வானில் மேகம் மூடினாலும், கடல் கொந்தளித்தாலும், கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்திலும் அவ்வறிவிப்பு இராது. இவ்வறிவிப்பை எடுத்துத் தரும் கருவியொன்றை ஒருவர் இயற்றுவதாகக் கொள்வோம். மேற்சொன்ன மூன்று நிலைகளிலும் அது வெற்று விடையே தருமாயின், ஏஜெண்டு ‘மீன் இல்லை’ என்று பொருள் கொள்ளலாம். ‘தடையில்லை’ என்றும் கொள்ளலாம். ஆகையால் விடையின்மைக்கும் காரணம் சொல்வதே கருவியின் கடமை. பிழைச் செய்தியும், ‘பிழை’ என்று கூறி ஒழியாமல், அடுத்துச் செய்யத்தக்கது யாது என்று வழிகாட்டல் வேண்டும்.

அளவையிலும் இவ்வாறே. நம் மீனவர் ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். கணினி மீட்டரால் அளக்கும். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய ஆராய்ச்சிக் கலம், ஒரு மென்பொருள் ஆங்கில அளவையிலும் மற்றொன்று மெட்ரிக் அளவையிலும் கணக்கிட்டதால் 1999-இல் அழிந்துபட்டது. மேதைகளுக்கே இக்கதி நேருமாயின், அளவையை வாளா விடுவார் திறத்து நாம் சொல்வதென்ன?

‘யந்திரம் அறிவுடையதாயிற்றே, தானே ஊகித்துக்கொள்ளாதா?’ என்பர் சிலர். ஊகிக்கும், அதுவே அபாயம். தவறான ஊகத்தையும் அது சரியான ஊகத்தைப்போன்றே தயக்கமின்றி உரைக்கும். எனவே கருவி எதற்கு உரியது என்பதோடு, எதற்கு உரியதன்று என்பதையும் எழுதல் வேண்டும். பணஞ் செலுத்தல், பதிவை அழித்தல் போன்ற மீளாக் காரியங்களைத் தனியே சுட்டி, உரியவர் சம்மதம் பெறும்படி விதித்தல் வேண்டும். ஆயினும் பக்கம் பக்கமாய் எழுதுதலும் பயனன்று; ஏஜெண்டு ஒரே வேளையில் மனங்கொள்ளும் சொற்களுக்கும் எல்லையுண்டு. குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் ஒருங்கே நூற்குற்றமாக வகுத்த நன்னூலாரின் நாட்டில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எழுதிய குறிப்பை ஏஜெண்டின் கையிலேயே கொடுத்து, அது எங்கே இடறுகின்றது என்று கண்டு திருத்துவதே சிறந்த சோதனை.

இன்னும் ஒன்று. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து, கொற்கையை விட்டுக் கடல் சில மைல் விலகிவிட்டது. பழைய குறிப்பை நம்பி இன்று அத்துறையை நாடும் மாலுமி கரையில்தான் முட்டுவான். கருவி மாறியபின் மாறாத குறிப்பும் அத்தன்மையதே. நம் துறைமுகங்களுக்கும், மீனவர்க்கும், சிறு வணிகர்க்கும் கருவி இயற்றும் நம்மவர், குறிப்பெழுதுதலைக் கடைசி நாளின் சில்லறை வேலையாகக் கருதாது, கருவியின் ஓர் அங்கமாகவே கொண்டு, அது மாறுந்தோறும் திருத்தி, நாள் குறித்து வெளியிடுவார்களாக.